வாசகர் கேள்வி பதில்: முகத்தில் வாங்காமல் நிற்பது எப்படி?

நாகர்கோவிலில் குத்துச்சண்டை பழகப் போகிறேன். பேக்கில் அடிப்பது நன்றாக வருகிறது. ஸ்பாரிங்கில் (பயிற்சிக்காக ஜோடியாக மோதுவதில்) மட்டும் எதிரே நிற்பவர் ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து) போட்டாலே கண் மூடிக்கொள்கிறது, பின்னாலேயே போய்க் கயிற்றில் முட்டி நிற்கிறேன். கோச்சோ 'காலைப் பார், காலைப் பார்' என்கிறார். அடி விழுவது முகத்தில்தானே?
- கல்லூரி மாணவர், சுங்கான்கடை

கோச் சொல்வதுதான் சரி தம்பி. நேராகப் பின்னால் போகிறவனுக்கு ஜாப் பட்டாலும் படாவிட்டாலும், அதைத் தொடர்ந்து வரும் வலது கை பட்டே தீரும். ஏனென்றால் அது இடுப்பையும் தோளையும் திருப்பி வீசுகிற அடி, நீங்கள் நினைப்பதைவிடத் தூரம் எட்டும். ஒரு எட்டு பின்னால் வையுங்கள், தப்பில்லை, ஆனால் அடுத்த எட்டு பக்கவாட்டில் இருக்கட்டும். இருவருமே இடது கால் முன்வைத்து நிற்பவர்கள் என்றால் அவருடைய வலது கை உங்களுக்கு இடப்பக்கம் இருக்கும், அதனால் வலப்பக்கம் விலகுங்கள். எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் நகர வேண்டும், கால்கள் பின்னிக்கொண்டால் லேசான தட்டுக்கே விழுந்துவிடுவீர்கள்.

கண் மூடுவது கோழைத்தனம் இல்லை, முகத்துக்கு நேரே எது வந்தாலும் உடம்பு அப்படித்தான் செய்யும். பழக்கினால் குறையும். நம்பிக்கையான ஒரு கூட்டாளியிடம் சொல்லி, மெதுவாக உங்கள் கார்டின் (முகத்தை மறைத்துத் தூக்கிவைக்கும் கைகளின்) மேலேயே தட்டச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பி அடிக்க வேண்டாம், சும்மா நின்று பாருங்கள். கிளவுஸைப் பார்க்காமல் அவர் நெஞ்சுப் பகுதியைப் பாருங்கள், கைக்கு முன்னால் தோள்தான் அசையும். மூச்சைப் பிடித்துவைக்காதீர்கள்.

அப்புறம் கை. தாடையை நெஞ்சோடு கொஞ்சம் இறக்கி, கிளவுஸைக் கன்னத்து எலும்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஜாப் வரும்போது வலது உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட்டாலே போதும். பாதி வழியில் போய்ப் பிடிக்கப் பார்க்கிறவர்கள்தான் நிறைய அடி வாங்குகிறார்கள், எதிராளி பொய்யாக ஒரு ஜாப் காட்டிவிட்டுத் திறந்த பக்கத்தில் ஹூக் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) விடுவார். ஸ்லிப், அதாவது குத்து படாமல் தலையை விலக்குவது, என்றால் தலையை மட்டும் ஆட்டுவது இல்லை. கால்முட்டி மடங்கி இடுப்பு திரும்ப, தலை ஒரு காது அகலம் வலப்பக்கம் விலகினால் ஜாப் உங்கள் இடது தோளுக்கு மேலே போய்விடும். இதற்கு வீட்டுப் பின்பக்கம் இரண்டு தென்னைக்கு நடுவே தோள் உயரத்தில் கயிறு கட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிமாறி அதன் அடியில் குனிந்து எழுந்தபடி நடந்து பாருங்கள். குனிவது முட்டியில், முதுகில் அல்ல. பார்வை தரைக்குப் போனால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

வயிற்றுக்கு வரும் அடிக்குக் கையை இறக்காதீர்கள், முழங்கையை விலாவோடு ஒட்டி உடம்பைத் திருப்புங்கள். வலது விலாவுக்குக் கீழே ஈரல் இருக்கிறது, அங்கே ஒரு நல்ல அடி விழுந்தால் மனசு எழுந்திரு என்று சொன்னாலும் கால் கேட்காது.

ஆசானிடம் நம்மூர்த் தற்காப்புக் கலையான அடிமுறை படித்திருக்கிறேன். பாக்சிங்கில் தடுப்புக்கு அது உதவுமா?
- திருவட்டாறு வாசகர்

காலும் பார்வையும் கண்டிப்பாக உதவும், புதிதாக வருபவரைவிட நீங்கள் முன்னால்தான் இருப்பீர்கள். ஆனால் முன்கையை வெளியே வீசித் தடுக்கும் பழக்கத்தை இங்கே சுருக்கியாக வேண்டும், முகம் அவ்வளவு நேரம் திறந்து கிடக்கக்கூடாது. ரொம்பத் தாழ்ந்த நிலையும் வேண்டாம், உதைக்கு இங்கே வேலையில்லை.

முகமது அலி கையைத் தொங்கவிட்டுத்தானே ஆடினார்?
- குழித்துறை வாசகர்

ஆடினார், அவர் காலும் வேகமும் அப்படி! 1980-ல் சென்னைக்கே வந்து காட்சிப் போட்டி ஆடினார். அதே வருஷம் அக்டோபரில் லாரி ஹோம்ஸுடன் மோதியபோது அந்த வேகம் போயிருந்தது, 10 ரவுண்டோடு ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. நீங்கள் கையைத் தூக்கியே வையுங்கள்.

15 வயது மகள் பாக்சிங் போகிறாள். தலைக்கவசம் போட்டால் மூளைக்குப் பாதுகாப்புதானே?
- ஒரு அம்மா, குளச்சல்

முழுப் பாதுகாப்பு இல்லை அம்மா. வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் அது குறைக்கும், ஆனால் தலை சட்டென்று குலுங்குவதை நிறுத்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமலே ஆடினார்கள் என்பதற்காக மகள் கழற்றிவிட வேண்டாம், அது கட்டாயம். பல்லுக்கான கார்டும் கையில் கட்டும் துணியும்கூட வேண்டும். கோச்சிடம் போய் ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள்: பழகுகிற பிள்ளைகளை எத்தனை வேகத்தில் அடிக்கவிடுகிறார்? தொடக்கத்தில் மெதுவாகத் தொட்டு ஆடவைக்கிறவர் என்றால் தைரியமாக அனுப்புங்கள். அடி வாங்கிய பிறகு தலைவலி, வாந்தி, கண் மங்கல், கேட்டதையே திரும்பக் கேட்பது என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், அவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது. மாவட்டப் போட்டி மறுநாள் இருந்தாலும் கிடையாது.