ஹெப்டேனுக்கு ஒன்பதா, பதினொன்றா?

ஏழு கார்பன் உள்ள ஹெப்டேனுக்கு ஒன்பது மாற்றியம் என்று எழுதி, ஆல்கேன் மாற்றியங்களில் சிக்கியவர்கள் கேட்கலாம் என்றேன். கார்பனும் ஹைட்ரஜனும் ஒற்றைப் பிணைப்பில் மட்டும் சேர்ந்தது ஆல்கேன்; அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில், வேறு அமைப்பில் இருந்தால் மாற்றியம். பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம் வந்திருக்கிறார்கள்.

ஆறு கார்பன் உள்ள ஹெக்சேனுக்கு ஆறு மாற்றியம் எழுதினேன். டீச்சர் ஐந்துதான் என்கிறார். 2-எத்தில்பியூட்டேனை ஏன் அடித்தார்?

எத்தில் கிளையின் (இரண்டு கார்பன்) நுனியில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே வாருங்கள். ஐந்து கார்பன் வரும். அதுதான் முதன்மைச் சங்கிலி. மிஞ்சுவது ஒரு மெத்தில், அதாவது ஒற்றைக் கார்பன் கிளை. மூன்றாவது கார்பனில் இருப்பதால் அது 3-மெத்தில்பென்டேன், அதை நீங்கள் ஏற்கெனவே எழுதியிருப்பீர்கள். தாளில் நேராகக் கிடப்பதெல்லாம் நீளமான சங்கிலி அல்ல.

2-எத்தில்பென்டேன்?

மேலே பாருங்கள். 3-மெத்தில்ஹெக்சேன்.

அப்படியானால் 3-எத்தில்பென்டேனும் தப்பு, இல்லையா சார்?

இல்லை, அது சரி. எந்தப் பக்கம் போனாலும் ஐந்துதான் வரும். எத்திலைக் கண்டதும் அடிக்காதீர்கள், எண்ணுங்கள்.

கிளை கூடினால் கொதிநிலை குறையும் என்று படித்தோம். உருகுநிலையும் குறையுமா?

இன்று வந்ததில் நல்ல கேள்வி இதுதான். ஐந்து கார்பன் உள்ள பென்டேனையே எடுத்துக்கொள்வோம். நேர்ச்சங்கிலி 36 டிகிரியில் கொதிக்கும், ஒரு கிளை உள்ள ஐசோபென்டேன் 28-இல், இரண்டு கிளை உள்ள நியோபென்டேன் ஒன்பதரையில். மூலக்கூறு உருண்டையாக ஆக, பக்கத்து மூலக்கூறைத் தொடும் பரப்பு குறைகிறது, பிடிப்பும் தளர்கிறது. இதுவரை பாடம் சொல்வதுதான். அதே வரிசையில் உருகுநிலையைப் பாருங்கள்: மைனஸ் 130, மைனஸ் 160, அப்புறம் திடீரென்று மைனஸ் 17! திடப்பொருளில் அடுக்கும் விதமும் முக்கியம். கோணல்மாணலான ஐசோபென்டேன் சரியாக அடுக்கி நிற்காது. நியோபென்டேன் லட்டு மாதிரி. எப்படித் திருப்பினாலும் தட்டில் உட்காரும். இதன் உச்சம் எட்டு கார்பன் உள்ள ஆக்டேனில் இருக்கிறது. 2,2,3,3-டெட்ராமெத்தில்பியூட்டேன் உருகுவதே கிட்டத்தட்ட 100 டிகிரியில், கொதிப்பது 106-இல். அறை வெப்பத்தில் அது திடப்பொருள். நேர் ஆக்டேனோ மைனஸ் 57 வரை திரவம்.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கட புத்தகத்தில சமபகுதியம் எண்டு கிடக்கு. இதுதானோ?

இதேதான், மாற்றியம்.

ஹெப்டேனுக்கு ஒன்பது என்கிறீர்கள். பதினொன்று அல்லவா?

கேள்வி, அணுக்கள் இணையும் வரிசை வேறுபடும் அமைப்பு மாற்றியம் பற்றியது. ஒன்பது.

3-மெத்தில்ஹெக்சேனில் மூன்றாவது கார்பனோடு நான்கு வேறு தொகுதிகள் இருக்கின்றன. அதற்கு இரண்டு ஒளிசுழற்சி மாற்றியங்கள் (ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம்) உண்டே! அதை மறைப்பது நியாயமா?

மறைக்கவில்லை ஐயா. 2,3-டைமெத்தில்பென்டேனும் அப்படித்தான். அந்த இரண்டையும் இடவலமாகப் பிரித்தால் பதினொன்று. ஆனால் அணுக்கள் இணைந்திருக்கும் வரிசை மாறவில்லையே! தேர்வில் பதினொன்று எழுதிவிட்டு என்னைக் கைகாட்டாதீர்கள்.

நான் ஒன்பது கட்சி. எண்ணிக்கைக்குச் சூத்திரம் உண்டா?

கார்பன் எண்ணிக்கை n-ஐப் போட்டதும் விடை தரும் எளிய சூத்திரம் கிடையாது. ஆக்டேனுக்கு 18, ஒன்பது கார்பன் நோனேனுக்கு 35, பத்து கார்பன் டெக்கேனுக்கு 75. கணித மேதை ஆர்தர் கேய்லியே 1875-இல் எண்ணி, 12 கார்பனிலும் 13 கார்பனிலும் தவறினார். சரியானவை 355, 802.

அவருடைய கணக்கில் ஒளிசுழற்சி சேர்ந்ததா?

பதினொன்று கட்சிக்காரரா? சேரவில்லை.

4-மெத்தில்பென்டேன் எழுதலாமா?

மறுமுனையிலிருந்து எண்ணுங்கள்.

சார், 2-எத்தில்ஹெக்சேன்?

விரல் எங்கே?