அட்டை, கபரகொய, கோரோசனை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மிருகங்களும் பழைய வைத்தியமும் பற்றி வந்த கேள்விகளில் நாலை எடுத்திருக்கிறேன். அட்டையைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: அப்பப்பாவின் காலில் அட்டை விட்டு வைத்தியம் செய்தார்களாம். உண்மையிலேயே அதில் ஏதாவது இருக்கிறதா? (வெள்ளவத்தை)

பதில்: இருக்கிறது. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையிலேயே அட்டைகளைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து, ஆறு நஞ்சுள்ளவை, ஆறு வைத்தியத்துக்கு உதவும் என்று எழுதியிருக்கிறது. 'கெட்ட இரத்தத்தை உறிஞ்சும்' என்ற பழைய விளக்கம் சரியில்லை. அட்டையின் உமிழ்நீரில் ஹிருடின் என்றொரு பொருள் உண்டு, அது இரத்தத்தை உறையவிடாது, அட்டை விழுந்த பிறகும் மணிக்கணக்காகக் கசிவது இப்படியான பொருட்களால்தான். துண்டான விரலைத் திரும்பப் பொருத்தும்போது இரத்தத்தை உள்ளே கொண்டுவரும் நாடிகளைத் தைத்துவிடலாம், அதைத் திரும்பக் கொண்டுபோகும் மெல்லிய நாளங்கள்தான் பாடுபடுத்தும். உள்ளே போன இரத்தம் திரும்ப வழியில்லாமல் விரல் கறுத்து வீங்கும்போது, புது நாளங்கள் உண்டாகும்வரை அட்டைகளை வைத்து இரத்தத்தை வெளியேற்றுகிறார்கள். 2004இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அட்டையை மருத்துவச் சாதனமாகவே அனுமதித்தது. அதே ஆண்டில், புண்ணில் அழுகிய சதையைத் தின்னும் ஈப்புழுவுக்கும் அனுமதி கிடைத்தது!

ஆனால் சிங்கராஜாவில் காலில் ஏறும் அட்டை வேறு இனம். எந்த அட்டையையும் வீட்டில் விட்டுப் பார்க்காதீர்கள், அதன் குடலில் பக்டீரியா இருக்கிறது, ஆஸ்பத்திரியில் அன்டிபயோட்டிக் கொடுத்துத்தான் வைப்பார்கள்.

கேள்வி: வாய்க்காலில் திரியும் கபரகொயவின் (நீர் உடும்பின்) கொழுப்பு மூட்டு வலிக்கு நல்லதாமே? (தெஹிவளை)

பதில்: வேண்டாம். அதற்கு ஆதாரமே இல்லை, சட்டம் பாதுகாக்கிற பிராணி வேறு. அந்த வாய்க்காலில் செத்த மீனையும் எலியையும் தின்று தீர்ப்பது அதுதான்.

கேள்வி: அந்தக் காலத்தில் மிருகங்களுக்கு வைத்தியர்கள் இருந்தார்களா? (பம்பலப்பிட்டி)

பதில்: இருந்தார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குக்கும் வைத்திய ஏற்பாடு செய்ததாகச் சொல்கிறது, சோழர் பாண்டியரோடு நம்முடைய தம்பபண்ணியும், அதாவது இலங்கையும், அதில் வருகிறது. 4ஆம் நூற்றாண்டில் புத்ததாச மன்னன் யானைக்கும் குதிரைக்கும் தனி வைத்தியர்களை வைத்தான் என்கிறது மகாவம்சம். வயிற்றில் கட்டியோடு புற்றின்மேல் கிடந்த பாம்பை, தலையைப் புற்றுக்குள் விடச் சொல்லிவிட்டு அறுத்துக் குணமாக்கினானாம், பாம்பு மாணிக்கம் கொடுத்ததாம். மாணிக்கத்தை விடுங்கள், அந்தத் தலை விஷயத்தைப் பாருங்கள்: இன்றைக்கும் விஷப்பாம்புக்குச் சிகிச்சை செய்பவர்கள் அதன் தலையை ஒரு குழாய்க்குள் விட்டுத்தான் உடம்பைத் தொடுகிறார்கள். இந்தக் கதையை எழுதியவருக்குப் பாம்பைத் தெரிந்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: பிறந்து பத்து நாளான பிள்ளைக்குக் கோரோசனை கொடுக்கச் சொல்கிறார் மாமி. கொடுக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: கொடுக்காதீர்கள். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். எல்லா மாட்டிலும் கிடைக்காது, அதனால் விலை பயங்கரம், போலியும் தாராளம். அதிலே இருக்கும் பிலிருபின்தான் பிறந்த குழந்தைகளை மஞ்சளாக்கும் நிறப்பொருளும். முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். மாமியோடு வாதாட வேண்டாம், மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது மாமியையும் பக்கத்தில் இருத்தி, மருத்துவமாதையே சொல்லச் சொல்லுங்கள். பிள்ளையின் கண்ணோ உள்ளங்காலோ மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.