கிமுராவின் பெயர் மரபியல் கட்டுரைகளில் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

மோட்டூ கிமுரா ஜப்பானின் மிஷிமாவில், தேசிய மரபியல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1968-இல் நேச்சர் இதழில் வந்த சிறு கட்டுரையில் நடுநிலைக் கோட்பாட்டை முன்வைத்தார். அதாவது, டிஎன்ஏவில் நிலைத்துவிடும் மாற்றங்களில் பெரும்பாலானவை உயிரிக்கு நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை, தற்செயலாகவே பரவுகின்றன.

பெரிய சண்டையே நடந்தது. ஆனால் எதிர்த்தவர்களுக்கும் அவர் போட்ட கணக்கு தேவைப்பட்டது. காய் நிறுக்கும் முன் தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்போமே, அது மாதிரி. தற்செயல் மட்டும் இருந்தால் எவ்வளவு வேறுபாடு வரும் என்று முதலில் கணக்கிடுவார்கள். உண்மைத் தரவு அதிலிருந்து விலகினால்தான் இயற்கைத் தேர்வு, அதாவது நன்மையான மாற்றம் பெருகி தீமையானது மறைவது, அங்கே வேலை செய்திருக்குமோ என்று சந்தேகிப்பார்கள். டிஎன்ஏ வேறுபாடுகளை இப்படிச் சோதிக்க 1989-இல் வந்த டஜிமா சோதனை என்ற புள்ளியியல் கணக்கும் இந்த வழிதான்.

அவர் டார்வினை மறுத்தார் என்பது தவறு. கண், சிறகு போன்றவற்றை இயற்கைத் தேர்வுதான் செதுக்கியது என்பதை அவரும் ஏற்றார், 1992-இல் டார்வின் பதக்கமும் பெற்றார்.