சூரை ஸ்டேக் வறண்டு போகாமல் சமைக்க

கேள்வி: மீன் கடையில் பெரிய சூரையிலிருந்து முள் இல்லாமல் வெட்டிய கனமான துண்டுகள் (ஸ்டேக்) கிடைக்கின்றன. வஞ்சிரம் வறுக்கிற மாதிரியே மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, மிதமான தீயில் நன்றாகச் சிவக்க வறுத்தேன். உள்ளே வறண்டு, நார்நாராக, தண்ணீர் குடித்தால்தான் தொண்டையில் இறங்குகிறது. பெரிய ஓட்டல்களில் நடுவில் சிவப்பாகவே பரிமாறுகிறார்கள். வீட்டில் அப்படிச் செய்து சாப்பிடலாமா?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. மீன்தான் வேறு. வஞ்சிரத்தில் ஓரளவு கொழுப்பு உண்டு. இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வெந்தாலும் அது ஈரப்பசையோடு இருக்கும். ஸ்டேக்குக்கு வெட்டப்படுவது பெரும்பாலும் மஞ்சள் துடுப்புச் சூரை, குமரிப் பக்கம் கேரை என்பார்கள். அதன் முதுகுச் சதையில் நூறு கிராமுக்குப் புரதம் ஏறக்குறைய 24 கிராம், கொழுப்பு ஒரு கிராம் இருந்தாலே அதிகம். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள அதனிடம் எதுவும் கிடையாது.

மீன் சதை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்குகிறது. 50 டிகிரியையொட்டி நிறம் வெளுத்து, கத்திக்கு மெதுவாக வசப்படும். 60ஐத் தாண்டியதும் நார்கள் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். மேலே மசாலா சிவந்து மொறுமொறுப்பாகும்வரை மிதமான தீயில் வைத்தால், அதற்குள் துண்டின் நடுப்பகுதி 75 டிகிரிக்கு மேல் போயிருக்கும். வறுக்கும்போது கல்லில் 'சொய்ங்' என்று தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். மீனுக்குள் இருந்திருக்க வேண்டிய ஈரம்தான் அது.

எலுமிச்சைச் சாற்றுக்கும் இதில் பங்கு உண்டு. புளிப்பு, நெருப்பில்லாமலே புரதத்தை இறுக்கும். ஒரு மணி நேரம் ஊறினால் மேற்பரப்பு வெளுத்து, சுண்ணாம்புத் தன்மை அடைந்துவிடும். வஞ்சிரம் மெல்லிய துண்டு, மசாலாவும் அடர்த்தி என்பதால் அது தெரியாது. சூரையில் அப்பட்டமாகத் தெரியும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழியுங்கள்.

நடுவில் சிவப்பாகச் சாப்பிடலாமா?

மீன் எங்கிருந்து, எப்படி வந்தது என்று தெரிந்தால் மட்டும். நம் ஊர் மீன் சந்தையில் பலகை மேல் வைத்து விற்கும் சூரையை அப்படிச் சாப்பிட வேண்டாம் என்றே சொல்வோம்.

சூரையின் உடல் சுற்றியிருக்கும் கடல்நீரைவிடச் சூடானது. வேகமாக நீந்தும் தசைகளில் உண்டாகும் வெப்பத்தை வெளியே விடாமல் தக்கவைத்துக்கொள்ளும் இரத்தக்குழாய் அமைப்பு அதற்கு உண்டு. தூண்டிலில் நெடுநேரம் போராடிய மீனின் உடல் இன்னும் சூடேறும். பிடித்த உடனே இரத்தம் வடித்து, குடலை நீக்கி, ஐஸில் புதைத்தால்தான் நடுச்சதை வரை குளிரும். தாமதித்தால் சதை வெளுத்து, பாதி வெந்தது போல், நீர்விட்டுக் கிடக்கும். நறுக்கிய துண்டில் இதைப் பார்த்தால் வாங்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது ஹிஸ்டமின். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. குளிர்ச்சி விட்டுப்போனால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு வறுத்தாலும், குழம்பு வைத்துக் கொதிக்கவிட்டாலும், ஃப்ரீசரில் போட்டாலும் அது அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து எரிவது, தலைவலி, தடிப்பு, படபடப்பு வரும். வாயில் வைத்ததுமே மிளகு கடித்த காரமோ, நாக்கில் குறுகுறுப்போ தெரிந்தால் துப்பிவிடுங்கள். கெட்ட வாடை அடிக்காமலும் இது நேரலாம் என்பதால் மூக்கை மட்டும் நம்ப முடியாது. மீன் ஐஸுக்கு மேலே இருக்கிறதா, ஐஸுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவருவது அரை மணி நேரத்துக்கு மேலாகும் என்றால் ஐஸ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் 4 டிகிரிக்குக் கீழே, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் உள்பக்கமாக வைத்து, அன்றே, தவறினால் மறுநாளே சமைத்துவிடுங்கள்.

பச்சையாக உண்பதற்கென்றே கையாளப்பட்டு, உறைநிலையில் அடைத்து வரும் துண்டுகள் கிடைத்தால், நடுவில் சிவப்பாக விட்டுச் சமைக்கலாம். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அப்போதும் முழுக்க வெந்ததையே சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இன்னொரு வரம்பும் உண்டு: பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மஞ்சள் துடுப்புச் சூரையை வாரம் ஒரு முறை, சுமார் 110 கிராம் என்று வரையறுக்கிறது. பெருங்கண் சூரையை அறவே தவிர்க்கச் சொல்கிறது.

கடையில் என்ன கேட்பது

ஒன்றிரண்டு கிலோ சூரையைக் குறுக்கே வெட்டினால் முள்ளும் கறுப்புச் சதையும் கலந்த வட்டத் துண்டுகள்தான் வரும். அது குழம்புக்கு ஏற்றது, ஸ்டேக்குக்கு ஆகாது. பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட மீனில், நடுமுள்ளை நீக்கி எடுத்த நீளச் சதையிலிருந்து நாரின் குறுக்காக ஒரு அங்குலம் முதல் ஒன்றே கால் அங்குலம் கனத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். மீன்காரர் பழக்கத்தில் அரை அங்குலத்துக்கு வெட்டிவிடுவார். அதை எப்படிச் சமைத்தாலும், மேலே நிறம் ஏறுவதற்குள் உள்ளே வறண்டுவிடும். கனத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நல்ல துண்டு ஆழ்ந்த சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ, சற்று ஒளி ஊடுருவுவதாக இருக்கும். விரலால் அழுத்தினால் குழி நிற்காது. வெட்டிய பரப்பில் எண்ணெய்ப்படலம் போல வானவில் நிறங்கள் மின்னினால் பயப்பட வேண்டாம், நார்களின் மேல் ஒளி சிதறுவதால் வருவது அது. பழுப்பேறிய விளிம்பு பழையதற்கு அடையாளம். ஆனால் தர்பூசணிச் சிவப்பாக, எல்லாத் துண்டும் ஒரே நிறத்தில் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். கார்பன் மோனாக்சைடு வாயு செலுத்தினால் சூரையின் சிவப்பு பல நாள் மாறாது, உள்ளே கெட்டிருந்தாலும் காட்டிக்கொடுக்காது. ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் இதைத் தடைசெய்திருக்கின்றன.

துண்டின் ஒரு ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை இருக்கும். இரத்தம் மிகுந்த தசை அது. இரும்பு வாடையும் கசப்பும் அதிலிருந்துதான் வரும். ஸ்டேக்கிலிருந்து கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள். வீணாக்க வேண்டாம், பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டு வதக்கினால் நன்றாக இருக்கும்.

முழுக்க வெந்தும் மெத்தென்று இருக்க

இருநூறு கிராம் அளவில் இரண்டு துண்டுகளுக்கான கணக்கு இது.

மீனைக் கல்லுப்பும் புளியும் போட்டு அலசித் தேய்க்க வேண்டாம். குழாய்த் தண்ணீரில் ஒருமுறை காட்டி எடுத்தால் போதும். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, துண்டுகளை அதில் 20 நிமிடம், ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஊறவிடுங்கள். உப்பு சதைக்குள் இறங்கி, சூட்டில் நீர் வெளியேறுவதைக் குறைக்கும். முழுக்க வேகவைக்கும் சூரைக்கு இந்த ஒரு வேலை தருகிற பலனை எந்த மசாலாவும் தராது. நேரத்தைக் கூட்டினால் உப்புக் கரிக்கும். இதற்குப் பிறகு தனியாக உப்புப் போடக்கூடாது.

எடுத்து, சுத்தமான துணியால் ஒற்றி நன்றாக ஈரம் போக்குங்கள். மேலே ஈரம் இருந்தால் அது ஆவியாகும்வரை மீன் வேகுமே தவிர சிவக்காது. கல்லிலும் ஒட்டிக்கொள்ளும். பதினைந்து நிமிடம் வெளியே வைத்துச் சில்லென்ற குளிர்ச்சி போகவிடுங்கள்.

ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, சோம்புத்தூள் அரை, மஞ்சள்தூள் கால், கடலை எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. குழைத்து, கல்லில் போடுவதற்குச் சற்று முன் மெல்லியதாகத் தடவுங்கள். மிளகாய்த்தூள் இதில் வேண்டாம். இந்தச் சூட்டில் அது ஒரு நிமிடத்தில் கறுத்துக் கசந்துவிடும். காரத்தை வேறு வழியில் பின்னால் சேர்க்கலாம்.

பழகிய இரும்புத் தோசைக்கல்லே இதற்குச் சிறந்த பாத்திரம். நான்ஸ்டிக் தவாவை இந்த அளவு காயவிடக் கூடாது, பூச்சு கெடும். இரும்புக்கல்லைப் பெரிய தீயில் மூன்று நான்கு நிமிடம், லேசாகப் புகை கிளம்பும்வரை காயவிட்டு மீனை வையுங்கள். எண்ணெய் மீனில் இருக்கிறது, கல்லில் ஊற்றத் தேவையில்லை. வைத்த பிறகு ஒன்றரை நிமிடம் தொடவே தொடாதீர்கள். திருப்பும்போது ஒட்டினால் இன்னும் பத்து விநாடி பொறுங்கள், மேலோடு பிடித்ததும் தானாக விட்டுவிடும். மறுபுறமும் ஒன்றரை நிமிடம். பிறகு தீயை முழுக்கக் குறைத்து, மூடி போட்டு ஒன்று முதல் இரண்டு நிமிடம்.

இனி கண்ணை எடுக்காமல் பக்கவாட்டைப் பாருங்கள். சிவப்புச் சதையில் கீழிருந்தும் மேலிருந்தும் வெளிறிய பட்டை நடுவை நோக்கி நகர்ந்துவரும். இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழை அகலத்துக்கு இளஞ்சிவப்பு மிஞ்சியிருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம்' என்று மனசு சொல்லும் அந்த இடத்தில்தான் பெரும்பாலோர் மீனைக் கெடுக்கிறார்கள். தட்டுக்கு மாற்றி மூன்று நான்கு நிமிடம் வைத்தால், மேற்புறச் சூடு உள்ளே இறங்கி நடுவும் வெந்துவிடும். கல்லிலேயே விட்டுவிடாதீர்கள், அடுப்பை அணைத்தாலும் இரும்பு சமைத்துக்கொண்டே இருக்கும்.

சமையல் வெப்பமானி இருந்தால் ஊகமே வேண்டாம். பக்கவாட்டில் நடுவரை செருகி, 59 அல்லது 60 காட்டும்போது இறக்குங்கள். சற்றுப் பொறுத்ததும் 63ஐத் தொடும், மீனுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லப்படும் வெப்பநிலை அதுதான். தொடாவிட்டால் அரை நிமிடம் திரும்பக் கல்லில் போடலாம். 70ஐத் தாண்டிய மீனைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

மீன் பொறுத்திருக்கும் நேரத்தில் சிறிய வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், மெல்லிசாக அரிந்த ஆறு பூண்டுப் பல், கீறிய இரண்டு பச்சை மிளகாய். பூண்டு ஓரம் சிவந்ததும் இரண்டு ஆர்க்குக் கறிவேப்பிலை போட்டு அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூளைக் கலக்குங்கள். அரை மூடி எலுமிச்சை பிழிந்து மீன் மேல் ஊற்றுங்கள். கொழுப்பில்லாத மீனுக்கு இந்த எண்ணெய் அலங்காரம் அல்ல, அவசியம்.

பரிமாறும்போது நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக அரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்குங்கள். சற்றுக் கூடுதலாக வெந்துவிட்டாலும் நார் குட்டையாகிப் பல்லுக்கு மெதுவாக இருக்கும்.

பச்சையாக உண்ணத்தக்க மீன் என்றால் வேலை சுருக்கம்: உப்புநீரில் ஊறவைக்க வேண்டாம், கல்லில் போடும்வரை ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும், பக்கத்துக்கு ஒரு நிமிடம், மூடி கிடையாது, இறக்கியதும் உப்புத் தூவி உடனே நறுக்குங்கள்.

உறைந்த மீன் வாங்கினால்

முதல்நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தண்ணீரில் போட்டோ மேடையில் வைத்தோ உருக்கினால் வெளிப்புறம் சூடேறிவிடும், ஹிஸ்டமின் ஆபத்து மறுபடி வரும். காற்று உறிஞ்சி அடைத்த பாக்கெட் என்றால் உருகத் தொடங்குமுன் பிரித்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமி ஒன்று ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகும்.

நல்ல மீன் கிடைத்ததென்று வாங்கி வீட்டு ஃப்ரீசரில் சேர்த்துவைப்பதில் அர்த்தமில்லை. மைனஸ் 18 டிகிரியில்கூடச் சூரையின் சிவப்பு சில வாரங்களில் பழுப்பாகும், சதையும் நீர் விடும். ஜப்பானில் மைனஸ் 60 டிகிரிக் கிடங்குகளில் வைப்பது இதனால்தான்.

ஏற்கெனவே வறண்டுபோன துண்டுகளுக்கு

அவற்றை மறுபடி சூடாக்கினால் இன்னும் மோசமாகும். ஆறியதும் கையால் உதிர்த்து, 400 கிராம் மீனுக்கு நூறு கிராம் சின்ன வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி பொடியாக நறுக்கித் தேங்காய் எண்ணெயில் வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடிப் பதம் வந்ததும் மீனைப் போட்டு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துப் புரட்டி, கால் மூடித் தேங்காய்த் துருவல் சேர்த்து ஒரு நிமிடத்தில் இறக்குங்கள். சுறாப்புட்டுக்கு ஈடாக ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், மீனில் முன்பே இருக்கும்.