பிரம்பு வைத்தியம்

கேள்வி: என் பேரன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் பள்ளியில் ஆலோசகர் என்று ஒரு அம்மாவை நியமித்திருக்கிறார்கள். நாள் முழுக்கப் பொம்மையும் கிரேயானும் வைத்துப் பிள்ளைகளோடு விளையாடுகிறார். எங்கள் காலத்தில் ஹெட்மாஸ்டர் மேஜைமேல் ஒரு பிரம்பு இருக்கும். அதுவே போதுமானதாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு எதற்கு ஆலோசனை?
– ஓய்வுபெற்ற வாசகர், கும்பகோணம்

பதில்: பிரம்பை நானும் மறக்கவில்லை ஐயா. அப்படியொரு உழைப்பாளி கிடையாது. சம்பளம் கேட்காது, லீவு போடாது. ஒடிந்துபோனால், அடி வாங்கப்போகிறவனையே அனுப்பிப் புளிய விளாறு ஒடித்துவரச் சொல்லலாம். ஆளுக்கொரு மருந்து என்கிற வம்பும் இல்லை. வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு இரண்டு. இடது கையால் எழுதினவனுக்கு இரண்டு. திக்கினவனுக்கு இரண்டு, பயத்தில் இன்னும் திக்கினால் மேலும் இரண்டு. கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினவனுக்கு, காப்பியடித்த குற்றத்துக்காக நான்கு. வீட்டிலும் முன்கூட்டியே சம்மதம் வாங்கியாகிவிட்டது: “கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத் தோலை உரிச்சிடுங்க சார்.” அவர்களும் சொன்ன வாக்கைக் காப்பாற்றிக் கண்ணை விட்டுவிட்டார்கள். கோளாறு கண்ணில்தான் இருந்தது.

போதுமானதாக இருந்தது என்று யார் சொல்கிறார்கள் பாருங்கள்: படித்து, வேலைக்குப் போய், பென்ஷன் வாங்குகிறவர்கள். மூன்றாம் வகுப்பில் அடி தாங்காமல் ஓடி மாடு மேய்க்கப் போனவன் பத்திரிகைக்குக் கேள்வி எழுதுவதில்லை. எப்படியும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடியையும் மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்துவிட்டது.

பொம்மை விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வயதுக்காரன் “எனக்கு மனசு சரியில்லை” என்று சொல்ல மாட்டான். திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்பான். விளையாடும்போது பொம்மையை ஒரு திட்டுத் திட்டுவான் பாருங்கள், அது வீட்டில் அவன் காதில் விழுந்தது. அந்தம்மா அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் யார் தனியாக உட்காருகிறான், ‘ப’வையும் ‘ம’வையும் யார் விடாமல் குழப்புகிறான், நேற்றுவரை பேசியவள் இன்று ஏன் வாயே திறக்கவில்லை என்று கவனித்து, ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசி, தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புவதுதான் வேலை. நோய்க்குப் பெயர் சூட்டுவது அவர் வேலையல்ல. பிள்ளைமேல் யாராவது கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால், பிள்ளைகள்மேல் நடக்கும் பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் அவரை விடாது, பள்ளியின் பெயர் கெடும் என்று அமுக்கப்பார்க்கும் நிர்வாகத்தையும் விடாது.

அமெரிக்கப் பள்ளி ஆலோசகர்களின் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் வேண்டும் என்கிறது. நம் அரசுத் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர், ஐந்து வகுப்பு. அதில் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து, பள்ளி விவரங்களை ஏற்றுகிற அரசின் எமிஸ் தளத்துக்கு சிக்னல் தேடிக்கொண்டிருப்பார். (எமிஸைப் பற்றி இந்தப் பக்கத்தில் இனி எழுதமாட்டேன் என்று உதவி ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். போகட்டும்.) 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தபோது “பள்ளிக்கூடமா, ஓட்டலா?” என்று கார்டு போட்ட நண்பர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்: பத்து மணிக்கு மேஜைமேல் சாய்கிற பிள்ளைக்கு முதல் ஆலோசனை உப்புமாதான்.

உங்கள் பேரன் பள்ளி ஆலோசகர் நாள் முழுக்க விளையாடுகிறார் என்றால் அந்த நிர்வாகத்துக்கு ஒரு வணக்கம். பல தனியார் பள்ளிகளில் அவரை அட்மிஷன் மேஜையில் உட்காரவைப்பார்கள், லீவு போட்ட டீச்சரின் வகுப்புக்கு அனுப்புவார்கள், டிசம்பர் வந்தால் ஆண்டு விழாவுக்கு மயில் தோகை ஒட்டவைப்பார்கள். அந்த ஆண்டு விழாக்களை முதலில் தடை செய்ய வேண்டும். ஆறு மணிக்கு ஆட வேண்டிய யுகேஜி மயில், ஒன்றுக்குப் போகக்கூட விடாமல், தோகையோடு மேடைக்குப் பின்னால் நிற்கிறது. சிறப்பு விருந்தினர் எட்டரைக்குத்தான் மைக்கை விடுகிறார். அவருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘மாணவர்களும் மன அழுத்தமும்.’