பழத்துல இருந்த விஷத்தை அரசாங்கம் ஆரம்ப காலத்துல எப்படி பிடிச்சது?

அமெரிக்கா கதையைச் சொல்றேன், ஏன்னா படிச்சப்போ எனக்கு ரொம்ப கோவம் வந்தது இதுலதான்.

1906ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உணவு மருந்து சட்டத்துல கையெழுத்து போட்டார், 1907 ஜனவரில இருந்து அமல். அழுகினது, விஷம் சேர்ந்தது இதையெல்லாம் ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்கு அனுப்பினா பறிமுதல் பண்ணலாம். அழுகின பழம்னா பார்த்தாலே தெரிஞ்சிடும், ஆப்பிள் மேல இருந்த மருந்துதான் பெரிய தலைவலி. காட்லிங்னு ஒரு அந்துப்பூச்சி, அதோட புழு ஆப்பிளை குடைஞ்சு நாசம் பண்ணிடும், அதுக்கு 1890கள்ல இருந்து லெட் ஆர்சனேட் அடிச்சாங்க, அதாவது ஈயமும் ஆர்சனிக்கும் ஒண்ணா. வாஷிங்டன் மாநிலம் மாதிரி மேற்குப் பக்கம் தோட்டங்கள் இருக்கிற இடத்துல கோடையில மழையே கிடையாது, அதனால அடிச்ச மருந்து கழுவிப் போகாம பழத்து மேலேயே படிஞ்சு நின்னு அப்படியே மார்க்கெட்டுக்கு வந்துச்சு.

1919ல பாஸ்டன் நகர சுகாதாரத்துறை மேற்குல இருந்து வந்த பேரிக்காய்ல ஆர்சனிக் இருக்கறதைக் கண்டுபிடிச்சு விற்பனையை தடுத்துச்சு. அதுக்கப்புறம் மத்திய அரசோட வேதியியல் துறையும் இறங்குச்சு, ஆனா எப்படி தெரியுமா, விவசாயிகளைக் கூப்பிட்டு பழத்தைத் துடைங்க கழுவுங்கன்னு சொன்னாங்க, வாங்கித் தின்ற ஜனங்க கிட்ட வாயே திறக்கல, பீதியாகி ஆப்பிள் வியாபாரம் படுத்துடும்னு பயம். பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற அம்மாவுக்குத்தானே முதல்ல சொல்லணும்? அவங்க வீட்லயாவது நல்லா கழுவியிருப்பாங்கல்ல.

இங்கிலாந்துல நிலைமை வேற. 1900ல மான்செஸ்டர் பக்கம் பீர்ல ஆர்சனிக் கலந்து ஆயிரக்கணக்கான பேர் பாதிக்கப்பட்டு பல பேர் செத்துப் போனாங்க, அதுக்காக போட்ட கமிஷன் 1903லயே ஒரு பவுண்டு உணவுக்கு 0.01 கிரெயின், அதாவது சுமார் 0.65 மில்லிகிராம் ஆர்சனிக்குக்கு மேல கூடாதுன்னு வரம்பு சொல்லிடுச்சு. 1925ல லண்டன்ல அமெரிக்க ஆப்பிள் தின்னு ஒரு குடும்பத்துக்கு உடம்பு சரியில்லாம போக, பத்திரிகைகள் விடல. உடனே கப்பல்ல போற பழத்துக்கு அந்த 0.01 வரம்புன்னு அமெரிக்கா ஒத்துக்குச்சு, ஆனா சொந்த நாட்டு ஜனங்களுக்கு 1927ல வச்ச வரம்பு 0.025! வெளிநாட்டுக்காரனுக்கு சுத்தமான பழம், தன் ஜனத்துக்கு ரெண்டரை மடங்கு விஷம் பரவால்ல. இதை எப்படி ஏத்துக்க முடியும்? 1932 வாக்குலதான் அதையும் 0.01க்கு இறக்கினாங்க, ஈயத்துக்கு வரம்பு வந்தது அதுக்கும் பின்னாடி.

அதிகாரிகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1906 சட்டத்துல வரம்பு நிர்ணயிக்கிற அதிகாரமே அவங்களுக்கு இல்ல, கேஸ் கோர்ட்டுக்குப் போனா இந்தப் பழம் உடம்புக்குக் கெடுதல்னு ஒவ்வொரு தடவையும் புதுசா நிரூபிக்கணும், எதிர்ல நிக்கிறது பணக்கார பழ வியாபாரிகள். 1938ல வந்த புதுச் சட்டம்தான் அந்த அதிகாரத்தைக் கொடுத்துச்சு.

லெட் ஆர்சனேட்டை முழுசா தடை பண்ணது 1988ல. வாஷிங்டன்ல பழைய தோட்ட மண்ணுல ஈயமும் ஆர்சனிக்கும் இன்னும் கிடக்கு, அங்க வீடு வாங்குறவங்க மண்ணை டெஸ்ட் பண்ணிப் பாருங்கன்னு இப்ப அரசாங்கமே சொல்லுது.