சென்னையைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க முடியுமா? எங்கே தொடங்குவது?

தாராளமாக முடியும். பரங்கிமலையை விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஊரில் பெரிதாக எதுவும் இல்லை; பாலங்கள்தான் நமக்கு மலை. சிக்கல் வெயிலும் போக்குவரத்தும். இரண்டுக்கும் ஒரே மருந்து, விடியற்காலை ஐந்து மணி.

முதலில் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து மெரினா வழியாகச் சாந்தோம் போய், மயிலாப்பூர் மாடவீதிகளுக்குள் நுழையுங்கள். தெப்பக்குளத்தைச் சுற்றிய சந்துகளைக் காரில் போகிறவர் பார்க்கவே முடியாது. அப்புறம் அடையாறு பாலம் தாண்டி பெசன்ட் நகர். இட்லி, காபி. போதும்.

கால் பழகியதும் கிழக்குக் கடற்கரைச் சாலை. திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு, கோவளம் தாண்டினால் மாமல்லபுரம், ஏறக்குறைய 45 கிலோமீட்டர். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும். தெற்கே போகிறவருக்கு அது எதிர்காற்று. அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். பேருந்தும் காரும் பறக்கிற சாலை என்பதால் தலைக்கவசமும் பின்விளக்கும் கட்டாயம்.

பறவை பார்க்க ஆசையென்றால் பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. குளிர்காலத்தில் போங்கள்.

கியர் சைக்கிள் தேவையே இல்லை. ஆனால் உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், அடிக்கடி துடைத்து எண்ணெய் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிய தெருவில் மட்டும் இறங்காதீர்கள், பள்ளம் எங்கே என்று தெரியாது.